மூச்சு எண்ணுகிற சிஸ்டர்

தாம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. அதன் மூன்றாவது மாடியில், குறைமாதக் குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றுகிற பிரிவில், அமலராணி இருபத்திரண்டு வருடமாக நர்ஸ். உள்ளங்கையில் அடங்கிவிடுகிற அளவுக்கு இருக்கும் அங்கே வருகிற குழந்தைகள். மானிட்டர் இருக்கிறது, அலாரம் இருக்கிறது. ஆனாலும் அவள் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு முழு நிமிடம் குழந்தையின் வயிறு ஏறி இறங்குவதை எண்ணிவிட்டுத்தான் சார்ட்டில் எழுதுவாள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குகிற புது நர்ஸ்களைப் பார்த்தால், "குழந்தை அரை நிமிஷம்தான் மூச்சு விடுதா?" என்று கேட்பாள். கோபமெல்லாம் இருக்காது. கேட்டுவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விடுவாள்.

வீடு முடிச்சூரில். கணவர் சத்தியநாதன் மேற்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மகள் கிறிஸ்டி பொத்தேரியில் காலேஜ். ஞாயிற்றுக்கிழமை பூசை, திங்கட்கிழமை டியூட்டி என்று போய்க்கொண்டிருந்த குடும்பம். கடலுக்கும் அவர்களுக்கும் இருந்த சம்பந்தம் மீன் வாங்குவதோடு சரி.

2019 ஆகஸ்டில் அமலராணியின் தங்கை மகனுக்குக் கோவளம் மாதா கோயிலில் ஞானஸ்நானம். பூசை முடிந்து, சாப்பாட்டுக்கு நேரம் இருக்கிறதே என்று இவர்கள் கடற்கரைப் பக்கம் நடந்தார்கள். அங்கே ஒரே கூட்டம். நடுவில் மணலில் ஒரு டால்பின் கிடந்தது. ஆள் நீளம். ஒருக்களித்துக் கிடந்ததில் ஒரு கண் மட்டும் மேலே தெரிந்தது. யாரோ வாலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். யாரோ குழந்தையைத் தூக்கி அதன் பக்கத்தில் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள்.

அமலராணியால் சும்மா நிற்க முடியவில்லை. தண்ணீரில் வாழ்கிற ஜீவன், தண்ணீர் இல்லாமல் தவிக்கிறது என்றுதான் அவளுக்குத் தோன்றியது. பக்கத்தில் இருந்த ஒரு பிளாஸ்டிக் குடத்தை வாங்கிக் கடல் தண்ணீரை மொண்டு மொண்டு வந்து அதன் தலையில் ஊற்றினாள். பட்டுப்புடவை முழங்கால்வரை நனைந்தது. பத்துப் பன்னிரண்டு குடமாவது இருக்கும். அவளைப் பார்த்து மற்றவர்களும் பாட்டிலிலும் வாளியிலும் கொண்டுவந்து ஊற்றினார்கள். டால்பின் இரண்டு தடவை உடம்பை உதறியது. பிறகு உதறவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து வனத்துறை ஜீப் வந்தது. கூடவே மாளவிகா என்ற கால்நடை டாக்டரும் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கையுறையை மாட்டிக்கொண்டு, கூட்டத்தைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அங்கேயே தார்ப்பாய் கட்டி மறைத்து அறுத்துப் பார்த்தார். தங்கை வீட்டிலிருந்து இரண்டு தடவை போன் வந்தும் அமலராணி நகரவில்லை. சத்தியநாதன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கூடவே நின்றார்.

டாக்டர் வெளியே வந்ததும், ஏன் செத்தது என்று அமலராணிதான் கேட்டாள். ரொம்ப நாளாகவே நோய், ஈரலெல்லாம் புழு, பிழைப்பது கஷ்டம்தான் என்றார் டாக்டர். ஆனால் கடைசியில் உயிரை எடுத்தது அதில்லை, நுரையீரலில் போன தண்ணீர் என்றார். டால்பினுக்கு மூக்கு முகத்தில் இல்லை, உச்சந்தலையில் இருக்கிறது, அந்தத் துளையில் ஊற்றினால் மனிதன் மூக்கில் ஊற்றின மாதிரிதான் என்று சொல்லி, தன் தலையின் நடுவில் விரலை வைத்துக் காட்டினார்.

"அந்தத் தண்ணியை ஊத்தினது நான்தான் டாக்டர்," என்றாள் அமலராணி.

மாளவிகா ஆறுதல் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. "நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?" என்று மட்டும் கேட்டார். சொன்னாள். பதினெட்டு வருடமாகப் பால் புரையேறாமல் பச்சைக் குழந்தைக்குப் புகட்டுகிற கை அது.

அன்றைக்கு விருந்தில் அவள் சாப்பிடவில்லை.

அடுத்த இரண்டு வாரம் அதே நினைப்புதான். பிறகு அவள் செய்த காரியத்தைச் சத்தியநாதன் எதிர்பார்க்கவில்லை. லீவு நாளில் பஸ் பிடித்து, மாளவிகா வேலை பார்க்கிற இடத்தை விசாரித்துக்கொண்டு போய், இனிமேல் கரை ஒதுங்குகிற டால்பின் பக்கத்தில் ஒரு நர்ஸ் தேவைப்பட்டால் தன்னைக் கூப்பிடச் சொல்லி நம்பர் கொடுத்துவிட்டு வந்தாள். மாளவிகா முதலில் தயங்கினார். இந்த மாதிரி மனம் பொங்கி வருகிறவர்கள் இரண்டாவது தடவை வருவதில்லை என்பது அவர் அனுபவம். அமலராணி வந்தாள். வனத்துறை நடத்திய ஒருநாள் பயிற்சிக்கு வந்தாள். செத்து ஒதுங்கியவற்றை அறுக்கும்போது மூக்கைப் பொத்தாமல் பக்கத்தில் நின்று குறிப்பு எழுதிக் கொடுத்தாள். மூச்சுக்குழாய் எங்கே போகிறது, இரைப்பை எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளக் குழாய் போட்டால் வயிற்றுக்குப் போய்ச் சேரும் என்று அளந்து வைத்துக்கொண்டாள்.

அதோடு நிற்கவில்லை. கோவளம் குப்பத்துப் பெண்களைப் பூசை முடிந்ததும் கோயில் வளாகத்தில் உட்காரவைத்துப் பேசினாள். முதல் தடவை ஆறு பேர் வந்தார்கள். தான் குடம் குடமாக ஊற்றிய கதையைத்தான் அவள் முதலில் சொன்னாள். ஒளிக்காமல் சொன்னாள். அதனாலேயே அவர்கள் கேட்டார்கள். டிபார்ட்மெண்ட்டிலிருந்து யார் வந்தாலும், இதைச் செய்யாதே, அதைச் செய்யாதே என்றுதான் பேசுவார்கள். இந்த அம்மா தானே தப்புப் பண்ணினதாகச் சொல்கிறதே என்று அவர்களுக்கு ஆச்சரியம். சக்திவேல் என்கிற படகுக்காரரும் ஓரமாக நின்று கேட்டுவிட்டு, நம்பர் வாங்கிக்கொண்டு போனார்.

அப்புறம் கொரோனா வந்தது. இரண்டு வருடம் அமலராணிக்கு மருத்துவமனையைத் தவிர வேறு உலகம் இல்லை.

2023 ஜனவரி, காணும் பொங்கல் அன்று மதியம் மூன்று மணி சுமாருக்குச் சக்திவேலிடமிருந்து போன் வந்தது.

"சிஸ்டர், இங்க ஒரு கடல்பன்னி ஒதுங்கிகினு கீது. உசுரு கீது. ஆனா ஜனம் தாங்கல."

கடல்பன்னி என்று கோவளத்தில் சொல்வது டால்பினுக்குச் சொந்தக்காரன் மாதிரியான ஒரு சிறிய பிராணி. நாலரை அடி நீளம், சாம்பல் நிறம். டால்பினுக்கு இருக்கிற அலகு மாதிரியான நீண்ட வாய் கிடையாது, முதுகில் துடுப்பும் கிடையாது. உருண்டைத் தலை. வலையில் மாட்டிச் செத்ததைத்தான் பெரும்பாலும் பார்க்கலாம். உயிரோடு ஒதுங்குவது அபூர்வம். அதுவும் காணும் பொங்கல் அன்று, சென்னை முழுவதும் குடும்பம் குடும்பமாகக் கடற்கரையில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடுகிற நாளில்.

அமலராணி டாக்டருக்கும் வனத்துறை ரேஞ்சர் பட்டாபிராமனுக்கும் தகவல் சொல்லிவிட்டு, ஸ்கூட்டரில் சத்தியநாதனுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வண்டலூர் வழியாகப் போனால் மிருகக்காட்சி சாலைக் கூட்டத்தில் ராத்திரிதான் போய்ச் சேரமுடியும். சத்தியநாதன் அகரம்தென், பொன்மார் என்று சந்துபொந்தெல்லாம் புகுந்து மாம்பாக்கத்தில் ஏறி, கேளம்பாக்கத்தைத் தாண்டினார். வழி முழுக்க அவள் சக்திவேலுக்குப் போனில் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒருக்களித்துக் கிடந்தால் குப்புறத் திருப்பு. இரண்டு பக்கத் துடுப்புக்கும் கீழே மணலைப் பறித்துக் குழி பண்ணு, இல்லாவிட்டால் அதன் எடையே அதை நசுக்கிவிடும். ஈரத்துணி போடு, தலை உச்சியை மட்டும் விட்டுவிடு. குடை பிடி. வாலைத் தொடாதே. யாரையும் தண்ணீர் ஊற்ற விடாதே.

போய்ச் சேர்ந்தபோது பார்த்த காட்சி அவள் எதிர்பார்க்காதது. ஆயிரம் பேருக்குக் குறையாத கூட்டம். ஆனால் நடுவில் வட்டமாகக் காலி மணல். குப்பத்துப் பெண்கள் இருபது பேர் பழைய மீன்வலை ஒன்றை இடுப்பு உயரத்துக்குப் பிடித்துக்கொண்டு, வேலி மாதிரிச் சுற்றி நின்றார்கள். கோயில் வளாகத்தில் அவள் பேச்சைக் கேட்டவர்கள், கேட்டவர்களிடம் கேட்டவர்கள். வட்டத்துக்குள்ளே குடைக்குக் கீழே, ஈரப் பாவாடைத் துணி போர்த்தி, அந்தக் கடல்பன்னி குப்புறக் கிடந்தது. உச்சந்தலை மட்டும் திறந்திருந்தது.

அமலராணி செருப்பைக் கழற்றிவிட்டு வலைக்குள் குனிந்து போனாள். மண்டியிட்டாள். கடிகாரத்தைப் பார்த்தாள். புஸ் என்று ஒரு சத்தம், உச்சித் துளை திறந்து மூடியது. ஒன்று. முழு நிமிடத்துக்குப் பதினான்கு. அதற்கு நாலைந்துதான் இருக்கவேண்டும். வால் அடியில் நைலான் வலையின் கயிறு இறுகிச் சதைக்குள் போயிருந்தது.

அந்த நேரம் வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் வலையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். கடலில் விட்டால் நீந்திப் போய்விடுமே, வாயில்லாத ஜீவனை வைத்துக்கொண்டு இது என்ன வேடிக்கை என்று சத்தம் போட்டார். அவருக்குப் பின்னால் நாலைந்து பேர் தூக்கிவிடத் தயாராக வந்தார்கள். கூட்டமும் ஆமாம் ஆமாம் என்றது. அவர்களும் இரக்கத்தில்தான் சொன்னார்கள். அது அமலராணிக்குத் தெரியாதா என்ன.

மருத்துவமனையில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கத்துகிற அப்பாக்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். அவர்களோடு வாதாடிப் பிரயோசனம் இல்லை. கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிட வேண்டும். அவள் கடிகாரத்தைக் கழற்றி அந்த மனிதரின் கையில் வைத்தாள்.

"அண்ணா, இதுக்கு வாலில் காயம். இப்ப விட்டா முங்கிடும். நீங்க இந்த முள்ளு ஒரு சுத்து வர்றதுக்குள்ள எத்தனை தடவை மூச்சு விடுதுன்னு எண்ணிச் சொல்லுங்க. எனக்கு ரெண்டு கையும் வேணும்."

அவர் உட்கார்ந்தார். எண்ணினார். பதிமூன்று என்றார். இன்னொரு தடவை எண்ணச் சொன்னாள். அதற்குப் பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னது அவர்தான். அமலராணி பையிலிருந்து கத்தரியை எடுத்து, நனைந்த சதையை அமுக்காமல் நைலான் கயிற்றை ஒவ்வொரு இழையாக வெட்டி எடுத்தாள். குழந்தையின் தொப்புள்கொடியில் வேலை பார்த்த கைக்கு அது ஒன்றும் புதிது இல்லை. மாளவிகாவும் ரேஞ்சரும் நெரிசலைத் தாண்டி வந்து சேர்ந்தபோது எண்ணிக்கை பத்துக்கு இறங்கியிருந்தது.

மாளவிகா பரிசோதித்துவிட்டு, உடனே கடலில் விட முடியாது என்றார். காயம் ஆறவேண்டும், நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது, சாப்பிட்டு ஒரு வாரமாவது ஆகியிருக்கும். எங்கே வைத்துப் பார்ப்பது என்பதுதான் கேள்வி. இந்தக் கரையில் அப்படி ஓர் ஆஸ்பத்திரி கிடையாது. ரேஞ்சர் பட்டாபிராமன் நிறையப் பேசாத மனிதர். போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். இருபது நிமிடத்தில் மேலிடத்து அனுமதியோடு திரும்பி வந்தார். தெற்கே இறால் குஞ்சு பொரிக்கிற பண்ணை ஒன்றில் கடல் தண்ணீர்த் தொட்டி காலியாக இருந்தது. முதலாளி எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். மீன் வண்டியில் ஈர மெத்தை போட்டு, அதன்மேல் கடல்பன்னியைக் கிடத்தி, அமலராணி தலைமாட்டில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டே போனாள்.

அங்கேதான் பன்னிரண்டு நாள்.

தொட்டியில் தண்ணீர் நெஞ்சளவு. முதல் மூன்று நாள் அதற்குச் சொந்தமாக மிதக்கத் தெம்பில்லை. இரண்டு பேர் தண்ணீரில் நின்று வயிற்றுக்குக் கீழே கைகொடுத்து, தலை உச்சி மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டே இருக்கவேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆள் மாற்றம். கிறிஸ்டியின் வகுப்புத் தோழிகளும் சக்திவேலின் குப்பத்து ஆட்களும் முறை போட்டுக்கொண்டு வந்தார்கள். அமலராணிக்குக் காலை ஏழிலிருந்து இரண்டு வரை மருத்துவமனை. அங்கிருந்து நேரே பண்ணை. கவலை என்கிற சின்ன மீனை அரைத்து உப்புச் சர்க்கரைக் கரைசலில் கலந்து, குழாய் வழியாக வயிற்றுக்குள் விடுவது அவள் வேலை. மாளவிகாவே இதை அவளிடம் விட்டுவிட்டார். குழாய் போடும்போது அவள் அவசரப்பட மாட்டாள், பிராணியும் முரண்டு பண்ணாது.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஆள் குறைந்துவிட்டது. ஒருவர் காய்ச்சல் என்று வரவில்லை. தண்ணீரில் ஒரே ஒருவர்தான் நின்றார். சாப்பாட்டுத் தூக்கோடு வந்த சத்தியநாதன் தொட்டி ஓரத்தில் நின்று பார்த்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. அதுமட்டுமில்லை. 2015 வெள்ளத்தில் முடிச்சூர் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது, நெஞ்சளவு தண்ணீரில் இருட்டில் நான்கு மணி நேரம் கிறிஸ்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நின்ற மனிதர் அவர். அதற்குப் பிறகு ஏரி, குளம் என்றால் பக்கத்தில் போகமாட்டார். அமலராணி அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிடக் கூடாது என்றுதான் இருந்தாள்.

அவர் தூக்கைக் கீழே வைத்தார். பேண்டைச் சுருட்டிப் பார்த்தார், அது போதாது என்று தெரிந்தது. சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, ஏணியைப் பிடித்து இறங்கினார். தண்ணீர் நெஞ்சைத் தொட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். அமலராணி கரையில் நின்று அவர் மூச்சையும் எண்ணினாள் என்று பிற்பாடு அவளே சொன்னாள். கடல்பன்னி அவர் முன்கையில் படுத்துக்கொண்டது.

"கனமே இல்ல ராணி," என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் நின்றார். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் வந்தார். பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வு விடைத்தாள்களைத் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து திருத்திக்கொண்டு, தன் முறை வந்ததும் இறங்குவார்.

பண்ணைச் சுவரில் அமலராணி ஒரு சார்ட் ஒட்டியிருந்தாள். மருத்துவமனையில் குழந்தைகளுக்குப் போடுகிற அதே மாதிரி கட்டம். மணி, மூச்சு, எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது, யார் பார்த்தது. மூச்சைப் பார்க்கிறவர்கள் ஐந்து முழு நிமிடம் எண்ணவேண்டும் என்று மேலே எழுதியிருந்தாள். நாலாம் நாள் பிராணி சொந்தமாக மிதந்தது. ஐந்தாம் நாள் தொட்டியைச் சுற்றி வந்தது. எல்லோருக்கும் முகம் மலர்ந்தது.

ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அமலராணி பூசை முடித்து நேரே வந்தாள். தொட்டி ஓரம் குனிந்து வழக்கம்போல எண்ணினாள். நிமிடத்துக்கு ஐந்து. முந்தின நாளும் ஐந்துதான். சார்ட்டில் எழுதப் போனவள் எழுதாமல் திரும்பி வந்தாள். தொட்டி விளிம்பில் படுத்துக் காதைத் தண்ணீருக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டாள். புஸ் என்று காய்ந்து வரவேண்டிய சத்தத்தின் கடைசியில் ஒரு ஈரம். மெல்லிய கரகரப்பு. தண்ணீரில் குழல் ஊதுவது மாதிரி.

மாளவிகா அன்றைக்குக் குடும்பத்தோடு செங்கல்பட்டுப் பக்கம் போயிருந்தார். அமலராணி போன் பண்ணினாள். எண்ணிக்கை எவ்வளவு என்று கேட்டார். ஐந்து. நீந்துகிறதா? நீந்துகிறது. சாப்பாடு உள்ளே போகிறதா? போகிறது. எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது சிஸ்டர், சாயங்காலம் வருகிறேன் என்றார் டாக்டர்.

"எண்ணிக்கை சரிதான் டாக்டர். சத்தம் சரியில்ல," என்றாள் அமலராணி. "குழந்தைங்க இப்படி மூச்சு விட்டா எங்களுக்கு அரை நாள்தான் டைம். நீங்க இப்பவே வரணும்."

அவள் ஒரு டாக்டரிடம் வரணும் என்று சொன்னது அநேகமாக அதுதான் முதல் தடவை. இருபத்திரண்டு வருட நர்ஸ் வேலையில் வரமுடியுமா என்றுதான் கேட்டுப் பழக்கம். போனை வைத்த பிறகு, ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால் என்ன முகத்தோடு நிற்பது என்று பயந்தாள்.

மாளவிகா ஒன்றே கால் மணி நேரத்தில் வந்தார். ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். இடத்தை மாற்றி மாற்றிக் கேட்டார். மூச்சுத் துளையிலிருந்து சளி எடுத்துக் கண்ணாடியில் தடவிப் பார்த்தார். நுரையீரலில் புதிதாகச் சீழ் பிடிக்க ஆரம்பித்திருந்தது. கொடுத்துக்கொண்டிருந்த மருந்து அதற்குப் போதாது. மருந்தை மாற்றி ஊசி போட்டுவிட்டு, தொட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"சாயங்காலம் வந்திருந்தா நான் போஸ்ட்மார்ட்டம்தான் பண்ணியிருப்பேன்," என்றார். "இது எனக்குக் கேட்டிருக்காது சிஸ்டர். உங்களுக்குத்தான் கேட்டுது."

அமலராணி பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். முகம் கழுவிக்கொண்டு வந்து, சார்ட்டில் அந்தக் கட்டத்தை நிரப்பினாள்.

மூன்று நாளில் கரகரப்பு போய்விட்டது. ஒன்பதாம் நாள் சக்திவேல் உயிரோடு பத்துப் பதினைந்து மீன் கொண்டுவந்து தொட்டியில் விட்டார். கடல்பன்னி முதலில் ஒதுங்கியே இருந்தது. அமலராணி உட்பட யாரும் அசையவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து ஒரே பாய்ச்சல், ஒரு மீனைக் காணோம். பிறகு இன்னொன்று. "துன்னுட்ச்சு சிஸ்டர்," என்று சக்திவேல் ரகசியம் மாதிரிச் சொன்னார். சத்தியநாதன் எழுந்து போய்ச் சார்ட்டில் இரண்டு என்று எழுதி, கணக்கு வாத்தியார் பழக்கத்தில் பக்கத்தில் டிக் அடித்தார்.

பன்னிரண்டாம் நாள் விடியற்காலை, காற்று இல்லாத கடலில், சக்திவேலின் பைபர் படகில் அதை ஏற்றினார்கள். படகில் மாளவிகா, ரேஞ்சர், அமலராணி. சத்தியநாதனுக்கு இடம் இருந்தது, ஆனால் தொட்டி வரைக்கும்தான் தன்னால் முடியும், கடல் இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று சிரித்துக்கொண்டே கரையில் நின்றுவிட்டார். ஐந்து கிலோமீட்டர் போல உள்ளே போனதும் சக்திவேல் மோட்டாரை நிறுத்தினார். ஈர மெத்தையோடு தூக்கி, படகின் ஓரத்தில் சாய்த்தார்கள். அமலராணியின் கை அதன் முதுகில் இருந்தது. வழுவழுவென்ற அந்தத் தோல் கையைவிட்டு நழுவியது. அவ்வளவுதான்.

கொஞ்ச தூரத்தில் ஒரு தடவை மேலே வந்தது. புஸ் என்று காய்ந்த, சுத்தமான சத்தம். இன்னொரு தடவை, இன்னும் தள்ளி. அதற்கப்புறம் வெறும் தண்ணீர்.

யாரும் கைதட்டவில்லை. ரேஞ்சர் பட்டாபிராமன் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தன் இருபத்தாறு வருட சர்வீஸில் கடல் பிராணி விஷயமாக எழுதின எல்லா ரிப்போர்ட்டிலும் கடைசி வரி புதைக்கப்பட்டது என்றுதான் இருக்கும், இன்றைக்கு முதல் தடவையாக வேறு வரி எழுதப் போகிறேன் என்றார். அந்த ரிப்போர்ட்டில் அமலராணியின் பெயரை முழுசாக எழுதவேண்டும் என்று இன்ஷியலைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கரையில் வலை பிடித்த பெண்கள் அத்தனை பேரும் காத்திருந்தார்கள். இறங்கினவளை உட்காரவைத்துத் தோசையும் மீன் குழம்பும் கொடுத்துவிட்டுத்தான் விட்டார்கள். முதலிலிருந்து கடைசிவரை இரண்டு தடவை சொல்லவைத்துக் கேட்டார்கள். எங்கள் கடல்பன்னி என்றுதான் அவர்கள் அதைச் சொன்னார்கள். அமலராணி அதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். தன்னைப் பற்றி யாராவது புகழ்ந்தால் நெளிகிறவள், அவர்களைப் பற்றிக் கேட்கும்போது கூச்சப்படாமல் சந்தோஷப்பட்டாள்.

இதிலெல்லாம் நேரம் போய்விட்டது. ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டிருந்தவள் மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது மணி பத்தரை. புடவையில் உப்பு காய்ந்து வெள்ளை வெள்ளையாக இருந்தது. வார்டு உடைக்கு மாறிக்கொண்டு, தாமத ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட நர்சிங் சூப்பரின்டெண்டெண்ட் அறைக்குப் போனாள். திரிபுரசுந்தரி என்று பெயர், கண்டிப்பான அம்மா. ரிஜிஸ்டரில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. அதற்கு மேலே இருந்தவர்கள் டிராபிக், ரயில் லேட், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எழுதியிருந்தார்கள். அமலராணி பேனாவை வைத்துக்கொண்டு சிறிது யோசித்தாள். பொய் எழுதப் பிடிக்கவில்லை.

'பிழைத்த கடல்பன்னியைக் கடலில் விட்டுவிட்டு வந்தேன்' என்று தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

திரிபுரசுந்தரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். இன்னொரு தடவை படித்தார். ரிஜிஸ்டரைத் தன் பக்கம் இழுத்து, அனுமதிக்கப்பட்டது என்று எழுதிக் கீழே ஒப்பமிட்டார். பிறகு எதிர் நாற்காலியைக் காட்டினார்.

"உட்காரு அமலா. போட்டோ இருக்கா?"